கர்ஃபஞானா பள்ளத்தாக்கில் ஒரு வாரம்: விடுமுறை வீடு எடுத்துத் தங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், லூக்கா நகரத்துக்கு வடக்கே, செர்க்கியோ ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிக் கிடக்கும் மலைப் பள்ளத்தாக்கின் பெயர் கர்ஃபஞானா. மேற்கே வெண்பளிங்குக் கல்லுக்குப் பெயர்பெற்ற அப்புவான் ஆல்ப்ஸ் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. கிழக்கே அப்பெனைன் தொடர் பச்சைப் போர்வை விரித்தது போல மெல்ல உயர்ந்து, 2,054 மீட்டர் உயரமுள்ள மோன்தே பிராதோவில் தஸ்கனியின் உச்சியைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே உண்ணத்தக்க கொட்டை தரும் செஸ்ட்நட் மரக் காடுகளும், கல்வீட்டுக் கிராமங்களும், ஒருவழி இருப்புப்பாதையில் ஓடும் ஒரு ரயிலும் இருக்கின்றன. ஃப்ளாரன்சையும் பீசாவையும் பார்க்க வருகிறவர்களில் மிகச் சிலரே இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். ஆகவே இங்கே ஹோட்டல்கள் குறைவு. குடும்பமாக வருகிறவர்களுக்கு ஏற்றது ஒரு வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தங்குவதுதான்.

அப்படித் தங்குவதற்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் நிறைய உண்டு. வீடு நம் கையில் வந்த பிறகு அடுப்பு, மின்சாரம், குப்பை, விறகு எல்லாமே நம் பொறுப்பாகிவிடும். அவற்றை வரிசைப்படி கீழே சொல்கிறேன்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்தல்

மே இறுதியிலிருந்து ஜூன் முடியும் வரையிலும், செப்டம்பர் முழுவதும் இந்தப் பள்ளத்தாக்கு மிக இதமாக இருக்கும். ஆகஸ்டில், குறிப்பாக 15-ஆம் தேதி வரும் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி, இத்தாலியர்களே தங்கள் பாட்டன் பாட்டி ஊருக்குத் திரும்புவதால், வாடகை ஏறும், வீடும் கிடைக்காது. அக்டோபரில் செஸ்ட்நட் காய்கள் உதிரத் தொடங்கும். காடு செம்பழுப்பாக மாறும் அந்த மாதத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன், மழைக்கு ஆயத்தமாக வருவதாக இருந்தால் மட்டும். கடற்காற்று அப்புவான் மலைகளில் நேராக மோதுவதால், அந்த மலைகளின் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. இலையுதிர் காலத்தில்தான் அதில் பெரும்பங்கு விழுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேட்டுக் கிராமங்களில் பனி விழும் என்பதால், முதல் முறை வருகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இதுதான் பயணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் படி. ஆகையால் இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். படங்களில் எல்லா வீடுகளும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலில் வீடு பள்ளத்தாக்கின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அப்புவான் மலைகளின் காலடியில், மேற்குக் கரையில் இருக்கும் கிராமங்களுக்குக் காலை வெயில் நன்றாகக் கிடைக்கும், ஆனால் பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். இலையுதிர் காலத்தில் இந்த வேறுபாடு கல்வீட்டுக்குள் எலும்பு வரை தெரியும். பார்கா போன்ற கிழக்குக் கரை ஊர்கள் மாலை வெயிலை எதிர்கொண்டு நிற்கின்றன, எதிரே அப்புவான் சிகரங்கள் முழுவதுமாகத் தெரியும். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வருவதாக இருந்தால் நான் யோசிக்காமல் கிழக்குக் கரையைத்தான் சொல்வேன்.

அடுத்தது உயரமும் சாலையும். காஸ்தெல்நுவோவோ, கல்லிக்கானோ, பார்கா போன்ற ஊர்களில் கடையும் மருந்தகமும் பேருந்தும் அருகிலேயே இருக்கும். அதற்கு மேலே போகப் போக, ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் கொண்டையூசி வளைவுகள் கூடும். “ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர்” என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதைத் தூரமாக எடுத்துக்கொள்ளாமல், எத்தனை நிமிடம் ஆகும் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். வீட்டு வாசல் வரை கார் போகுமா, அல்லது கிராமத்து முகப்பில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கல்படிகளில் ஏற வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இங்குள்ள பழைய கிராமங்கள் பல கழுதையும் மனிதரும் நடப்பதற்காகக் கட்டப்பட்டவை. சந்துக்குள் கார் நுழையாது.

மூன்றாவது, வீட்டைச் சூடாக்கும் முறை. குழாய் எரிவாயுவா, தோட்டத்துத் தொட்டியில் நிரப்பிய எரிவாயுவா, மரத்தூள் வில்லைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பா, வெறும் விறகு அடுப்பா? அந்தச் செலவு வாடகையில் அடங்குமா, மீட்டர் பார்த்துத் தனியாக வசூலிப்பார்களா? அரை மீட்டர் கனமுள்ள கற்சுவர் ஜூலையில் குளிர்ச்சி தரும். ஆனால் பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் அக்டோபரில் நுழைந்தால் அதே சுவரைச் சூடேற்ற இரண்டு நாளாகும். “நாங்கள் வருவதற்கு முந்திய நாளே அடுப்பை மூட்டி வைக்க முடியுமா?” என்று கேட்டு வைப்பது மிக நல்ல வழக்கம்.

பழைய வீடுகளின் வெளிச்சுவரில் இரும்புத் தகடோ குறுக்குக் கம்பியோ பதிந்திருப்பதைக் காண்பீர்கள். எதிரெதிர்ச் சுவர்களை உள்ளே ஓடும் இரும்புத் தண்டால் இழுத்துக் கட்டியதன் முனைகள் அவை. 1920 செப்டம்பர் 7-ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் தாக்கிய பூமி இது. அந்தக் கம்பிகள் வீட்டுக்குச் செய்யப்பட்ட நல்ல வேலையின் அடையாளம்.

மூன்றாம் படி: பேச்சும் பணமும்

கோடையில் பெரும்பாலான வீடுகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்ற கணக்கில்தான் கிடைக்கும். மற்ற மாதங்களில் மூன்று நாளுக்கும் தருவார்கள். இத்தாலியில் குறுகிய கால வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாளக் குறியீட்டு எண் ஒன்று உண்டு. அதைச் சின் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2025 ஜனவரி முதல் விளம்பரத்திலும் வீட்டு வாசலிலும் அந்த எண்ணைக் காட்டுவது கட்டாயம். எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

வாடகைக்கு மேல் இறுதித் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்பு, துவாலைக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை, விறகு ஆகியவை தனியாக வரலாம். ஆள் ஒருவருக்கு இரவு ஒன்றுக்கு என்று கணக்கிட்டு ஊராட்சி விதிக்கும் தங்கல் வரியும் பல இடங்களில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டால் கடைசி நாளில் மனக்கசப்பு இராது. அக்ரித்தூரிஸ்மோ என்று பெயர் இருந்தால் அது விவசாயம் நடக்கும் பண்ணைக்குள் இருக்கும் தங்கல் என்று பொருள். அங்கே பெரும்பாலும் பண்ணையில் விளைந்ததையே சமைத்துப் பரிமாறுவார்கள். காசா வகான்த்ஸே என்றால் சமையலறையோடு கூடிய தனி வீடு.

நான்காம் படி: தாள்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடைக்கு முந்திய மாதங்களில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது அரிது என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வீட்டு உரிமையாளரின் முகவரி, தங்கும் தேதிகள், பயணிகள் அனைவரின் பெயர்கள் அடங்கிய உறுதிக் கடிதமும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் இணைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் உரிமையாளர் எல்லோருடைய கடவுச்சீட்டையும், கைக்குழந்தையினுடையதையும்கூட, கேட்பார். தங்குவோர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரை வாடகைக்கு எடுப்பவர்கள் சொந்த ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வர வேண்டும்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்தல்

அருகிலுள்ள விமான நிலையம் பீசா. அங்கிருந்து சில நிமிடங்களில் பீசா மத்திய ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து அரை மணி நேரத்தில் லூக்காவுக்கும் போய்விடலாம். லூக்காவில் அவுல்லா செல்லும் வண்டியில் மாறி ஏறினால், செர்க்கியோ ஆற்றை விட்டுப் பிரியாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காஸ்தெல்நுவோவோ வந்துவிடும். 1959-இல்தான் இந்தப் பாதை முழுமை பெற்றது. போர்கோ ஆ மொத்ஸானோவை நெருங்கும்போது ஆற்றுப் பக்கம் பாருங்கள். ஒரு வளைவு மட்டும் வானளாவ உயர்ந்து, மற்றவை சின்னஞ்சிறியனவாக இருக்கும் இடைக்காலப் பாலம் ஒன்று தெரியும். அதை ஒரே இரவில் பிசாசு கட்டிக் கொடுத்தது என்பது ஊர்க்கதை. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள சிறிய பெட்டியில் அதை நுழைத்து நேரமுத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு.

ரயிலடியிலிருந்து மேட்டுக் கிராமங்களுக்குப் போகும் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டியே ஓடுபவை. எனவே ரயிலடிக்கு நடந்து போகும் தொலைவில் வீடு இல்லையென்றால் கார் தேவை. லூக்காவின் கோட்டை மதிலுக்குள் பெரும்பகுதியில் வெளியூர்க் கார்கள் நுழைய முடியாது. வாயிலிலுள்ள கேமரா படம் பிடித்து, அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மலைச்சாலையில் எதிரே தெரியாத வளைவுகளில் ஒலி எழுப்புவது இங்கே முறைதான். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, பலகை வைத்துள்ள சாலைகளில் பனிக்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். கூடுமானவரை இருட்டுவதற்கு முன்பே வீட்டை அடைந்துவிடும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: முதல் மாலையில் வீட்டைக் கற்றுக்கொள்ளுதல்

சாவியை வாங்கியதும் உரிமையாளரோடு ஒரு முறை வீட்டைச் சுற்றி வந்துவிடுங்கள். வெப்பத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டாவிட்டாலும் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது மின்மானிப் பெட்டி. இத்தாலிய வீடுகளில் பெரும்பாலானவை 3 கிலோவாட் இணைப்பு மட்டுமே பெற்றவை. மின் அடுப்பு ஒன்று ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கும், தண்ணீரைச் சூடாக்கும் நிலையில் துணி துவைக்கும் இயந்திரமும் அவ்வளவே இழுக்கும், மின் கெண்டியும் அப்படியே. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே மின்மானி தானாக மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம். நாங்கள் முதல் முறை தங்கியபோது, இரவு எட்டு மணிக்குத் துணி ஓடிக்கொண்டிருக்க, குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச மின் கெண்டியைப் போட்டோம். அந்த நொடியே வீடு முழுவதும் இருண்டது. உள்ளே இருந்த சுவிட்சுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மின்மானி வீட்டுக்குள் இல்லை, சந்தின் கீழ்முனையில் பத்து வீட்டுக்குமான பெட்டிகள் வரிசையாக இருந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் நம் பெட்டி எது என்று தேடி, கீழே விழுந்திருந்த நெம்பை மேலே தள்ள இருபது நிமிடமானது. அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டால் இந்தத் தவிப்பு இல்லை.

மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். ஆனால் சுவரில் மூன்று துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும், நம்முடைய மூன்று முள் பிளக் நுழையாது. மெல்லிய இரண்டு முள் உள்ளவை நுழையும். பிளக் மாற்றி (அடாப்டர்) ஒன்றிரண்டு எடுத்து வாருங்கள்.

பெல்லட் அடுப்பு இருந்தால் அதை அணைக்கும் முறையைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திவிட்டு, அது தானே ஊதித் தணியும் வரை காத்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் புகையை வெளியே தள்ளும் விசிறி நின்று, அறைக்குள் புகை சூழும். எரிவாயு உருளை வீட்டுக்கு வெளியே ஒரு சிறு கூண்டுக்குள் இருக்கும். வெளியே போகும் போதெல்லாம் அதன் வால்வை மூடுவது ஊர்வழக்கம்.

கல்வீடுகளில் சிறிய கருந்தேள்கள் சில சமயம் சுவரிடுக்கில் தெரியும். அவை நம் ஊர்த் தேளைப் போலக் கொடியவை அல்ல, கொட்டினால் பெரும்பாலும் குளவி கொட்டியது போல இருக்கும். ஆயினும் காலையில் காலணியை உதறிப் போடுங்கள், படுக்கையைச் சுவரிலிருந்து சற்று நகர்த்திப் போடுங்கள். புல்வெளியில் நடந்து வந்தால் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தக் கிழமை எந்தக் குப்பையை வாசலில் வைக்க வேண்டும் என்ற அட்டவணை அது. சமையற்கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மிச்சம் என்று பிரித்து வைக்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112. காஸ்தெல்நுவோவோவிலும் பார்காவிலும் மருத்துவமனை உண்டு. மேட்டுக் கிராமங்களில் கைப்பேசிச் சமிக்ஞை அறுபட்டு அறுபட்டு வருமாதலால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சமையலும் சாப்பாடும்

ஊரிலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்பதில் கவனம் வேண்டும். பாலையும் இறைச்சியையும், அவற்றிலிருந்து செய்தவற்றையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. நெய்யும் பனீரும் அதில் அடங்கும். புதுக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்குத் தடை இல்லை என்பது நமக்கு ஆறுதல். சாம்பார்ப் பொடி, மிளகு, பெருங்காயம், கடுகு, புளி இருந்தால் மற்றவை இங்கேயே கிடைக்கும். கடைகள் பகல் ஒரு மணிவாக்கில் மூடி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும், ஞாயிறு பிற்பகல் பல கடைகள் திறப்பதே இல்லை. எனவே சனிக்கிழமை வந்து சேர்பவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அரிசி, பால், காய்கறி வாங்கிவிட வேண்டும். காஸ்தெல்நுவோவோவில் வியாழக்கிழமை சந்தை கூடும். அந்த வாரத்துக்கான பழமும் பாலாடைக்கட்டியும் அங்கே வாங்குவதுதான் சிறப்பு.

இந்தப் பள்ளத்தாக்கின் தானியத்துக்கு ஃபார்ரோ என்று பெயர். 1996-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. நாம் சம்பா கோதுமை என்று சொல்கிறோமே, அதே இனம்தான் இது. அரை மணி நேரத்தில் வெந்துவிடும், குழையாமல் மெல்லுவதற்கு இதமாக இருக்கும். நாங்கள் மிளகு சீரகம் தாளித்துப் பயற்றம்பருப்போடு பொங்கலாகவே செய்து சாப்பிட்டோம், மிக நன்றாக வந்தது. உணவகங்களில் இதைப் பீன்ஸோடு சேர்த்துச் சூப்பாகத் தருவார்கள். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவ உணவு உண்பவர்கள் “சென்த்ஸா கார்னே, சென்த்ஸா லார்தோ” (இறைச்சி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிரோல்தோ என்று பட்டியலில் கண்டால் அது பன்றி இரத்தத்தில் செய்த தொத்திறைச்சி.

ஆனால் இந்த மண்ணின் உயிர் செஸ்ட்நட்தான். கோதுமை விளையாத சரிவுகளில் நூற்றாண்டுக் கணக்கில் ஏழைகளைக் காப்பாற்றிய மரம் அது. “ரொட்டி மரம்” என்றே பெரியவர்கள் சொல்கிறார்கள். காட்டுக்குள் மெத்தாத்தோ என்ற இரண்டு தட்டுக் கல்குடில்களைக் காண்பீர்கள். மேல்தட்டில் சட்டங்களைப் பரப்பிக் காய்களைக் கொட்டி, கீழ்த்தட்டில் செஸ்ட்நட் விறகைக் கனலாக எரியவிட்டு, ஏறக்குறைய நாற்பது நாள் உலர்த்துகிறார்கள். பிறகு தோலை நீக்கி ஆலையில் அரைத்தால், இனிப்பும் லேசான புகைமணமும் சேர்ந்த நெச்சோ மாவு கிடைக்கும். புது மாவு டிசம்பரில்தான் வரும்.

அந்த மாவில் செய்யும் நெச்சி என்ற அடையை ஒரு மாலை பக்கத்து வீட்டு அம்மையார் தம் கணப்படுப்பில் எங்களுக்குச் செய்து காட்டினார். மாவும் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டுமே. சர்க்கரையோ முட்டையோ இல்லை, தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்திருந்தார். நீண்ட கைப்பிடியுள்ள இரண்டு இரும்புத் தட்டுகளை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தார். நம் வீட்டில் வெங்காயத்தால் தோசைக்கல்லைத் தேய்ப்போமே, அச்சு அசல் அதே கைவாகு. ஒரு கரண்டி மாவை ஊற்றி, மற்றத் தட்டால் மூடி, ஒரு நிமிடத்தில் திருப்பிப் போட்டு, பழுப்பேறியதும் எடுத்து, நடுவே ரிக்கோட்டா என்ற மிருதுவான பாலாடைக்கட்டியை வைத்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார். மொழி தெரியாத என் மாமியார் அடுத்த அடையைத் தாமே ஊற்றத் தொடங்கிவிட்டார்.

எட்டாம் படி: நாட்களைப் பங்கிடுதல்

ஒரு வாரத்தில் ஃப்ளாரன்ஸ், சீயனா, பீசா என்று ஓடுவதற்கு இந்த வீடு பொருந்தாது. தினமும் மலையிறங்கி ஏறுவதிலேயே பொழுது போய்விடும். லூக்காவுக்கு ஒரு நாள் கொடுங்கள், மீதியைப் பள்ளத்தாக்குக்கே வையுங்கள்.

பார்காவுக்கு ஒரு முழு நாள் தேவை. மேலே உள்ள பேராலயத்தின் முற்றத்தில் நின்றால் எதிரே மோன்தே ஃபொராத்தோ மலையின் இயற்கையான கல்வளைவு ஓட்டை போலத் தெரியும். நவம்பர் இரண்டாம் வாரத்திலும் ஜனவரி இறுதியிலும், மலைக்குப் பின் மறைந்த சூரியன் அந்த ஓட்டைக்குள் மறுபடி எட்டிப் பார்த்து இரண்டாம் முறை மறையும். இந்த ஊரிலிருந்து பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்து போனவர்கள் ஏராளம். கோடையில் பொரித்த மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் இங்கே ஒரு விழாவே நடக்கிறது. நமக்கு நெருக்கமான இன்னொரு செய்தியும் உண்டு. 1944 டிசம்பர் இறுதியில் ஜெர்மானியப் படை இந்தப் பள்ளத்தாக்கில் முன்னேறியபோது, அதைத் தடுத்துப் பார்காவை மீட்டவர்களில் 8-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் இருந்தார்கள். பார்காவுக்கு மேலே சோமோகொலோனியா வரை நடந்து போய் வந்தால் அந்தக் குளிர்காலத்தின் நிலப்பரப்பு கண்ணுக்கு முன் விரியும்.

அருகிலுள்ள காஸ்தெல்வெக்கியோவில் கவிஞர் ஜொவான்னி பாஸ்கொலி 1895 முதல் வாழ்ந்த வீடு காட்சியகமாக இருக்கிறது. காஸ்தெல்நுவோவோவின் கோட்டையில் 1522 முதல் 1525 வரை ஆளுநராக இருந்தவர் மற்றொரு பெருங்கவிஞரான லுதொவிக்கோ அரியொஸ்தோ. மழை நாளுக்கு ஃபொர்னொவொலாஸ்கோவிலுள்ள காற்றுக் குகையை ஒதுக்கி வையுங்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 11 டிகிரி அளவிலேயே இருப்பதால் கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். வாலி ஏரியின் அடியில் ஃபாப்ரிக்கே தி கரெஜ்ஜினே என்ற கிராமம் மூழ்கிக் கிடக்கிறது. அணையைப் பழுதுபார்க்க நீரை வடிக்கும்போதுதான் அது வெளியே தெரியும், கடைசியாகத் தெரிந்தது 1994-இல். இலையுதிர் காலத்தில் காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள் பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டும், அது காட்டுப்பன்றி வேட்டைக் காலம். காளான் கண்ணில் பட்டாலும் பறிக்காதீர்கள், அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும்.

சந்தில் யாரைக் கண்டாலும் காலையில் “புவோன்ஜோர்னோ” என்றும் மாலையில் “புவோனசேரா” என்றும் முதலில் நீங்களே சொல்லுங்கள். ஒருவர் வீட்டுக்குள் அழைத்தால் வாசலில் நின்று “பெர்மெஸ்ஸோ” என்று கேட்டுவிட்டு நுழைவது மரியாதை.

ஒன்பதாம் படி: வீட்டை ஒப்படைத்தல்

காலை பத்து மணிக்குள் காலி செய்யும்படி கேட்பார்கள். முந்திய இரவே அடுப்புச் சாம்பலை ஆறவிட்டுத் தகர வாளியில் அள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், உள்ளே கனல் ஒளிந்திருக்கும். வெப்பத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் வந்த நாளில் எடுத்த மீட்டர் படத்தோடு இன்றைய எண்ணை உரிமையாளர் முன்னிலையில் ஒப்பிடுங்கள். எரிவாயு வால்வை மூடி, மரச் சன்னல் கதவுகளைக் கொக்கியிட்டு, சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். வாங்கிய விறகில் மிச்சம் இருந்தால், சுள்ளிகளைத் தனியாகக் கட்டிக் கணப்பின் அருகே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் குளிர்ந்த வீட்டில் முதலில் தேடுவது அதைத்தான்.